பேனலில் படிந்த தூசியை அளக்க, தூசி படியாத இன்னொரு பேனல் வேண்டும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: கூரையில் 5 கிலோவாட் திறனுள்ள சோலார் பேனல்கள் இருக்கின்றன, அவற்றின்மேல் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது என்பதை ஓர் ஆர்டுயினோ போர்டு (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகை), ஓர் எல்டிஆர் (ஒளிபட்டால் மின்தடை மாறும் உறுப்பு), காற்றிலுள்ள தூசியை அளக்கும் சென்சார் ஒன்று ஆகியவற்றைக் கொண்டு கண்டறிய வேண்டும், குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் பம்பு தானாக ஓடித் தண்ணீர் தெளிக்க வேண்டும். இது நடக்குமா என்று கேட்கிறீர்கள். நடக்கும். ஆனால் பட்டியலில் உள்ள மூன்றில் ஆர்டுயினோ மட்டுமே தேறும். அதுவும் துணைக்கு இன்னொரு சிறு போர்டு இருந்தால்தான். மற்ற இரண்டும் ஏதோ ஓர் எண்ணைத் தந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணுக்கும் கண்ணாடிமேல் படிந்த தூசிக்கும் உள்ள தொடர்பு மிகவும் மெல்லியது.

முதலில் இதில் உள்ள சிக்கலைத் தெளிவாகப் பார்த்துவிடுவோம். தூசியால் வரும் இழப்பு பெரும்பாலும் சிறியது, மெதுவாக வளர்வது. மழையற்ற வறண்ட இடங்களில் நாளொன்றுக்கு அரை சதவீதமோ அதற்கு மேலோ போகலாம். மற்ற இடங்களில் அதற்கும் குறைவாகவே இருக்கும். இப்படி நாளுக்கு ஒரு சதவீதத்தின் சிறு பங்கு மட்டுமே நகரும் ஒன்றை, நிமிடத்துக்கு நிமிடம் ஐந்து மடங்கு ஏறி இறங்கும் வெயிலுக்குள் தேடுகிறோம். மேகம் ஒருபுறம் இருக்கட்டும். முற்றிலும் தெளிந்த வானத்திலும், பூமி சூரியனை நெருங்கும் ஜனவரித் தொடக்கத்துக்கும் விலகி நிற்கும் ஜூலைத் தொடக்கத்துக்கும் இடையில் வந்துசேரும் கதிரொளியே ஏறத்தாழ 7 சதவீதம் வேறுபடுகிறது. பேனலின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் மின்திறன் 0.3 முதல் 0.45 சதவீதம் வரை குறையும். பத்து டிகிரி சூடு கூடினாலே மூன்று நான்கு சதவீதம் போய்விடும். ஆகவே, ஒரேயொரு பேனலின் மின்னோட்டத்தை மட்டும் பார்த்து, நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறது, எனவே தூசி படிந்திருக்கிறது என்று முடிவுகட்டும் எந்தக் கருவியும் பாதி நாள் மேகத்தைத்தான் தூசி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

எல்டிஆர் ஏன் ஆகாது என்பதற்கு இதுவே போதும். ஆனால் அதற்கு மேலும் குறைகள் உண்டு. அதன் மின்தடை ஒளியோடு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. நடுப்பகல் வெயிலில் மின்தடை மிகவும் தாழ்ந்துபோய், இரண்டு சதவீத வேறுபாடு கண்ணுக்கே தெரியாத எல்லைக்குப் போய்விடும். பிஎச்1750 போன்ற லக்ஸ் சென்சாரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழும்: வழக்கமான அமைப்பில் அது சுமார் 54,000 லக்ஸ் வரைதான் எண்ணும், நடுப்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தாண்டும். காற்றுத் தூசி சென்சாரின் கதை வேறு. அதன் உள்ளே ஓர் அகச்சிவப்பு எல்இடியும் ஓர் ஒளியுணர் டயோடும் இருக்கும்; நடுவே உள்ள துளை வழியாகக் கடந்துபோகும் துகள்கள் சிதறடிக்கும் ஒளியை அது அளக்கிறது. அதாவது, மிதக்கும் தூசியை அளக்கிறது, படிந்ததை அல்ல. புழுதிக்காற்று அடித்து ஓய்ந்த மறுநிமிடம் காற்று சுத்தம் என்று அது சொல்லும்; அந்தப் புழுதி முழுவதும் உங்கள் பேனலின்மேல் அமர்ந்திருக்கும். கல்லூரித் திட்டப்பணிகளில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், அந்தப் பொருளின் பெயரிலேயே தூசி இருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

சரியான வழி பழையது, எளியது. ஒரே மாதிரியான இரண்டு சிறு பேனல்களைப் பெரிய பேனல்களின் தளத்திலேயே, அதே சாய்வில், அருகருகே பொருத்துங்கள். ஒன்றைத் துடைக்காமல் விட்டுவிடுங்கள். மற்றொன்றை எப்போதும் சுத்தமாக வைத்திருங்கள். இரண்டின் மின்னோட்டத்தையும் ஒரே கணத்தில் அளந்து, அழுக்கானதைச் சுத்தமானதால் வகுத்தால், மேகம், பருவம், சூரியனின் தொலைவு எல்லாம் மேலும் கீழுமாக அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது தூசி மட்டுமே. துறையில் இதைச் 'சாய்லிங் ரேஷியோ' என்பார்கள்; சோலார் நிலையங்களின் செயல்திறனை அளப்பதற்கான ஐஇசி 61724-1 என்ற பன்னாட்டுத் தரநிலையும் அதை இப்படி, சுத்தமான நிலையோடு ஒப்பிடும் விகிதமாகவே வரையறுக்கிறது. விகிதம் 1 என்றால் தூசியே இல்லை, 0.94 என்றால் 6 சதவீதம் போயிற்று.

இதே எண்ணம் செவ்வாய் வரை போயிருக்கிறது. 1997இல் அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் சோஜர்னர் ஊர்தியில் ஒரு சிறு சோலார் செல்லின்மேல் நகரக்கூடிய கண்ணாடி மூடி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. தூசி அந்த மூடியின்மேல்தான் படியும். செல்லின் மின்னோட்டத்தை மூடியோடு ஒரு முறை, மூடியை விலக்கி ஒரு முறை அளந்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தூசி. மூடியை நகர்த்தியது ஒரு மோட்டார்கூட அல்ல. சூடாக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகக் கம்பிதான். நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.28 சதவீத இழப்பு என்று அந்தச் சிறு கருவி கணக்குச் சொன்னது. கூரைக்கான கருவிக்கு இதைவிடச் சிக்கலான தத்துவம் எதுவும் தேவையில்லை.

இனி எதை அளப்பது என்ற கேள்வி. மின்னழுத்தத்தை அளக்காதீர்கள். வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதையும் இணைக்காதபோது முனைகளில் நிற்கும் அழுத்தம், கொஞ்சம்தான் இறங்கும். வெப்பநிலைக்குத்தான் அது அதிகம் அசையும். அளக்கவேண்டியது குறுக்குச் சுற்று மின்னோட்டம், அதாவது பேனலின் இரு முனைகளையும் நேரே இணைத்தால் ஓடும் மின்னோட்டம். அது விழும் ஒளிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு டிகிரிக்கு 0.05 சதவீதம் அளவில்தான் வெப்பநிலைக்கு மாறும். இரண்டு பேனல்களுக்கும் இடையே மூன்று டிகிரி வேறுபாடு இருந்தாலும் விகிதத்தில் வரும் பிழை 0.15 சதவீதம்தான் என்பதால், வெப்பநிலை சென்சார் இல்லாமலே வேலை நடக்கும். பேனலைக் குறுக்குச் சுற்றாக இணைத்தால் எரிந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பேட்டரி வேறு, பேனல் வேறு. பேனல் தன் எல்லைக்கு மேல் மின்னோட்டம் தராது.

எண்களோடு பார்ப்போம். 10 வாட், 36 செல் பேனல் ஒன்றின் குறுக்குச் சுற்று மின்னோட்டம் நல்ல வெயிலில் சுமார் 0.6 ஆம்பியர். அதன் பாதையில் 0.1 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் அதன் குறுக்கே 60 மில்லிவோல்ட் விழும். 36 செல்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல, ஆகவே பேனல் இன்னும் குறுக்குச் சுற்றில் இருப்பதாகவே கொள்ளலாம். ஆனால் ஆர்டுயினோ ஊனோவின் உள்ளே இருக்கும் 10 பிட் அளவி 5 வோல்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். 60 மில்லிவோல்ட் என்பது வெறும் பன்னிரண்டு படிகள். ஒரு படி தவறினால் எட்டு சதவீதம் தவறும்; நாம் தேடுவதோ ஒரு சதவீதம். ஆர்டுயினோ பாதிதான் தேறும் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். மின்தடையை உயர்த்தி மின்னழுத்தத்தைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். கூட்டக் கூட்டப் பேனல் குறுக்குச் சுற்று நிலையை விட்டு விலகி, வெப்பநிலையின் பிடிக்குள் போய்விடும். அதற்குப் பதிலாக ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் அளவியை இணையுங்கள். அதன் மிக நுண்ணிய அமைப்பில் ஒரு படி சுமார் 7.8 மைக்ரோவோல்ட், அதே 60 மில்லிவோல்ட் இப்போது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளாக விரிகிறது. அல்லது, 0.1 ஓம் மின்தடை பொருத்தியே வரும் ஐஎன்ஏ219 என்ற மின்னோட்ட அளவி போர்டு இரண்டு இருந்தாலும் போதும். ஆர்டுயினோ அவற்றை அடையாளம் காணும் முகவரி இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும், ஒன்றில் உள்ள சிறு இணைப்பைப் பற்றவைத்து முகவரியை மாற்ற மறந்துவிடாதீர்கள். இரண்டு போர்டுகளும் ஒரே எண்ணைக் காட்டினால் மகிழ்ச்சி அடையவேண்டாம். பெரும்பாலும் அது இந்த மறதிதான்.

பேனலை நாள் முழுவதும் குறுக்குச் சுற்றிலேயே விட்டுவைப்பது நல்லதல்ல. 36 செல்களில் ஒன்றின்மேல் பறவை எச்சம் விழுந்தால், மீதி 35 செல்களும் சேர்ந்து அந்த ஒன்றின்மேல் எதிர்த்திசை அழுத்தத்தைக் கொடுத்து அதைச் சூடேற்றும்; நாளடைவில் அந்த இடம் கருகும். ஆகவே மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ஒன்றை ஸ்விட்ச்சாக வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நொடி மட்டும் இணைத்து அளந்துவிட்டுத் திறந்துவிடுங்கள். திறந்த நிலையில் பேனலின் முனைகளில் 21, 22 வோல்ட் வரை நிற்கும் என்பதை மறக்கக்கூடாது. ஐஎன்ஏ219 அதை 26 வோல்ட் வரை தாங்கும், ஏடிஎஸ்1115 தாங்காது. எனவே ஏடிஎஸ்1115 வைப்பவர்கள் 0.1 ஓம் மின்தடையை மாஸ்ஃபெட்டுக்குக் கீழே, தரைமுனைப் பக்கம் வைக்கவேண்டும். அப்போது அளவி எந்நேரமும் அந்தச் சில மில்லிவோல்ட்களை மட்டுமே பார்க்கும். மாஸ்ஃபெட், அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டில் 5 வோல்ட் கொடுத்தாலே மின்னோட்டத்தை முழுமையாகக் கடத்தும் வகையாக இருக்கட்டும்.

பேனல் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. மேலே கண்ணாடி இல்லாமல் எபாக்ஸி பிசின் பூசிய சிறு பேனல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. புறஊதா ஒளியில் அந்தப் பிசின் மஞ்சளாகி மங்கும். அந்த மங்கலைத் தூசியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. தூசி ஒட்டும் விதமும் பிசினில் வேறு, கண்ணாடியில் வேறு. ஆகவே கண்ணாடி மூடிய பேனல்தான் வேண்டும். முடிந்தால் சட்டத்தின் உயரமும் பெரிய பேனலைப் போல இருப்பது நல்லது, ஏனெனில் கீழ்ச்சட்டத்தின் விளிம்பில்தான் சேறு தேங்குகிறது. பொருத்தும் இடம் பேனல் வரிசையின் நடுப்பகுதியாக இருக்கட்டும். ஓரத்தில் காற்று வேகமாக அடிக்கும். அங்கே படியும் தூசி மற்றவற்றின்மேல் படிவதைப் பிரதிபலிக்காது.

பொருத்தியதும் இரண்டையும் நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று தெளிந்த நாள்களுக்கு இரண்டையும் சுத்தமாகவே வைத்து விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டு பேனல்கள்கூட இரண்டு மூன்று சதவீதம் வேறுபடலாம். சுத்த நிலையில் விகிதம் 0.97 என்று வந்தால், பின்னால் வரும் எல்லா விகிதங்களையும் 0.97ஆல் வகுக்கவேண்டும். இதைச் செய்யாமல் முதல் நாளே மூன்று சதவீதத் தூசி என்று அறிவிக்கும் கருவிகளைப் பார்த்திருக்கிறேன்.

அளவீடுகளைச் சலிப்பதும் முக்கியம். நாள் முழுவதும் அளந்தாலும், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் பின்னுமாக உள்ளவற்றை மட்டும் எடுங்கள். அவற்றிலும் சுத்தமான பேனலின் மின்னோட்டம் அதன் உச்ச அளவில் பாதிக்கு மேல் இருக்கும் நிமிடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் விகிதங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை அன்றைய மதிப்பாகக் கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஒரு பேனலின்மேல் காக்கை உட்கார்ந்த ஐந்து நிமிடம் சராசரியைக் கெடுத்துவிடும், நடுமதிப்பை அசைக்காது. காலையும் மாலையும் ஒளி சாய்ந்து விழும்போது ஒவ்வொரு துகளும் தன்னைவிடப் பெரிய நிழலைக் கண்ணாடியில் போடுகிறது. அதனால் அந்நேரங்களில் தூசியின் இழப்பு உண்மையிலேயே கூடுதலாகத் தெரியும். அது பொய் அல்ல, ஆனால் அந்நேரத்தில் கிடைக்கும் மின்சாரமும் குறைவு என்பதால் அன்றைய கணக்குக்கு அது பெரிதாகப் பொருட்டல்ல.

அந்தக் காலை, மாலை எண்களைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். அவை வேறொன்றைச் சொல்லும். நான் முதன்முதலில் அமைத்த இணையில், விகிதம் காலையில் 1.03, நண்பகலில் 1, மாலையில் 0.97 என்று ஒவ்வொரு நாளும் சாய்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. தூசி ஒவ்வொரு காலையும் பறந்துபோய் மாலையில் திரும்பி வருமா? நிரலில் ஒரு வாரம் பிழை தேடிய பிறகு, கடைசியில் ஒரு மட்டப்பலகையை இரண்டின்மேலும் குறுக்கே வைத்துப் பார்த்தேன். ஒரு திருகின் கீழே வாஷர் ஒன்று கூடுதலாக இருந்ததால், ஒரு பேனல் கிழக்குப் பக்கமாக ஏறத்தாழ ஒரு டிகிரி சாய்ந்திருந்தது. பேனலின் தளத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 60 டிகிரி விலகி ஒளி விழும்போது ஒரு டிகிரிச் சாய்வு 3 சதவீத வேறுபாட்டைத் தரும். 20 டிகிரியில் விழும்போது அதே சாய்வு 0.6 சதவீதம்தான் தரும். தூசி என்றால் வரைபடம் நண்பகலில் உயர்ந்து இருபுறமும் சமமாகத் தாழும். சாய்வுப் பிழை என்றால் ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் பல மாலைகள் மிச்சமாகும்.

சுத்தமான பேனலைச் சுத்தமாகவே வைத்திருப்பது எப்படி? உண்மையில் இந்த அமைப்பின் கடினமான பகுதி இதுதான். அந்தப் பேனலின்மேல் இரண்டு சதவீதத் தூசி படிந்துவிட்டால், அழுக்குப் பேனலில் உள்ள முதல் இரண்டு சதவீதம் மறைந்துவிடும்; இரண்டும் ஒரே வேகத்தில் அழுக்கானால், கருவி மாதக்கணக்கில் எல்லாம் நலம் என்றே சொல்லும். கைக்கெட்டும் இடம் என்றால் ஈரத்துணியால் தினமும் துடைத்துவிடலாம். ஆனால் மனிதர்கள் இரண்டு வாரத்துக்குமேல் அதைச் செய்வதில்லை. செவ்வாய்க் கருவியைப் போல மூடி வைப்பதே என் விருப்பம்: சிறு சர்வோ மோட்டார் ஒன்று, பேனலைவிட நாலுபுறமும் இரண்டு விரற்கடை நீளமான மூடி ஒன்று, நண்பகலை ஒட்டிச் சில முறை மட்டும் ஒரு நிமிடம் திறந்து, இரண்டையும் அளந்து, மூடிவிட வேண்டும். திறக்கும் மூடியின் நிழல் எந்தப் பேனலின்மேலும் விழாதபடி அது சூரியனுக்கு எதிர்ப்புறமாக மடங்கவேண்டும். பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்கவேண்டாம். உள்ளே ஈரம் தங்கி, கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து, சுத்தமான பேனல்தான் அழுக்கு என்று காட்டும். விகிதம் 1ஐத் தாண்டிப் போனால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். மூடி வைத்தாலும் மாதம் ஒரு முறை துடைத்து, துடைப்பதற்கு முன்னும் பின்னும் விகிதம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக்கூடாது. சிறு பேனல் சீராகப் படியும் மெல்லிய தூசியை நன்றாகப் பிடிக்கும். பெரிய பேனலின் கீழ்விளிம்பில் தேங்கும் சேற்றுப்பட்டையை அப்படிப் பிடிக்காது. பழைய வகை 60 செல் பேனல் ஒன்று நெட்டுவாக்கில் நிற்கிறது என்று கொள்வோம்: மேலிருந்து கீழாக ஆறு நிரல்கள், நிரலுக்குப் பத்து செல்கள், இரண்டு நிரல்களுக்கு ஒரு பைபாஸ் டயோடு, அதாவது மறைந்த செல்களைச் சுற்றி மின்னோட்டத்தைக் கடத்திவிடும் மாற்றுப்பாதை. கீழ்வரிசைச் செல்களின்மேல் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒளி புகாத சேறு படிந்தால் அது மறைப்பது பேனலின் பரப்பில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கீழ்வரிசைச் செல் ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. தொடராக இணைந்த செல்களில் மிகக் குறைவாக ஒளி பெறும் செல்லே மின்னோட்டத்தைத் தீர்மானிப்பதால், பேனலின் மின்திறன் 20 சதவீதத்தை ஒட்டியும் குறையலாம். அதே பேனல் கிடைவாக்கில் இருந்தால் சேறு ஒரேயொரு டயோடுக்குரிய செல்களைத்தான் தொடும். இழப்பு எவ்வளவு மோசமானாலும் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கும். இந்த நிலையில் பெரிய பேனலின் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தை நேரடியாக அளந்தாலும் ஏமாறுவோம், ஏனெனில் அழுக்கான செல்வரிசையை டயோடு சுற்றிக் கடந்துவிட, சுத்தமான செல்களின் முழு மின்னோட்டமே மீட்டரில் தெரியும். பறவை எச்சமும் இப்படித்தான். சென்சார் 0.99 என்று சொன்னாலும், மாதம் ஒரு முறை கீழ்விளிம்புகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கருவி சொல்வது சரியா என்று சோதிக்கப் பெரிய பேனல் ஒன்றைக் கழுவி, முன்னும் பின்னும் மின்திறனை ஒப்பிடலாம். இங்கே அனுபவசாலிகளும் தவறுவது உண்டு. நண்பகலில் 60 டிகிரிச் சூட்டில் இருக்கும் பேனலின்மேல் தண்ணீர் விட்டால் அது இருபது டிகிரி குளிரும். தூசியே இல்லாத பேனலாக இருந்தாலும் அந்தக் குளிர்ச்சி மட்டுமே 7 சதவீதத் திறனைக் கூட்டிக் காட்டும். கழுவியதும் மீட்டர் ஏறுவதைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு தூசி என்று சொல்லப்படும் எண்களில் பெரும்பங்கு இந்தக் குளிர்ச்சிதான். தவிர, சூடான கண்ணாடியின்மேல் திடீரெனக் குளிர்ந்த நீரை ஊற்றுவது கண்ணாடிக்கும் நல்லதல்ல. அதிகாலையில் கழுவிவிட்டு, கழுவாத பக்கத்துப் பேனலோடு நண்பகலில் ஒப்பிடுங்கள். இரண்டும் அதற்குள் ஒரே சூட்டுக்கு வந்திருக்கும். மின்திறனை அளக்கும்போது மட்டும் டிஎஸ்18பி20 போன்ற வெப்பநிலை சென்சாரைப் பேனலின் முதுகில் ஒட்டிவைப்பது பயன்படும்.

வெயிலையே நம்பாத வழி ஒன்றும் உண்டு. ஒரு கண்ணாடித் துண்டின் கீழே அகச்சிவப்பு எல்இடியையும், அதன் நேர் எதிரொளிப்பு வந்து விழாத கோணத்தில் ஓர் ஒளியுணர் டயோடையும் வைத்தால், மேலே படிந்த தூசி சிதறடித்துத் திருப்பி அனுப்பும் ஒளி டயோடில் விழும். தூசி கூடக் கூடச் சைகை கூடும். எல்இடி எரியும்போது ஓர் அளவு, அணைந்திருக்கும்போது ஓர் அளவு எடுத்துக் கழித்துவிட்டால் சுற்றுப்புற வெளிச்சம் நீங்கிவிடும். இரவிலும் அளக்கலாம், சுத்தமான இணை தேவையில்லை. டஸ்ட்ஐக்யூ என்ற பெயரில் கிப் அண்ட் ஸோனன் நிறுவனம் விற்கும் கருவி இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது. இதன் பலவீனம் நிறம். வெளிர்நிறத் தூசி நிறையச் சிதறடிக்கும். புகைக்கரி ஒளியை விழுங்கிவிடும், அதனால் இழப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் சைகை குறைவாக வரும். ஆகவே அந்தந்த இடத்துத் தூசிக்கு ஒரு முறையாவது அளவுதிருத்தம் செய்யவேண்டும். அதைச் செய்யவும் கடைசியில் ஓர் அழுக்கு, சுத்தம் இணைதான் வேண்டும். பனி படிந்த காலையில் அது நீர்த்துளிகளையும் தூசி என்றே எண்ணும் என்பதையும் கவனத்தில் வைத்து, நள்ளிரவுக்கு முன் அளந்துவிடுவது நல்லது.

எந்தச் சென்சாரும் வாங்காமல், இன்வெர்ட்டர் பதிந்துவைக்கும் தினசரி உற்பத்தியைக் கொண்டே தூசியைக் கணிக்க முடியுமா என்றால், பொறுமை உள்ளவர்களுக்கு முடியும். தெளிந்த நாள்களை மட்டும் எடுத்து வரைந்தால், உற்பத்தி ரம்பப்பல்போல் தெரியும்: வறண்ட நாள்களில் மெல்ல இறங்கி, நல்ல மழை பெய்ததும் சட்டென ஏறும். பெரிய நிலையங்களின் தரவிலிருந்து இந்த வடிவத்தைப் பிரித்தெடுக்க, அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் உருவான ஆர்டிடூல்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் இன்வெர்ட்டரின் திறனைவிடப் பேனல்களின் மொத்தத் திறன் கூடுதலாக இருந்தால், நண்பகலில் உற்பத்தி இன்வெர்ட்டரின் உச்சவரம்பில் தட்டித் தட்டையாக நிற்கும். அந்நேரத்தில் ஐந்து சதவீதத் தூசி இருந்தாலும் கணக்கில் தெரியாது. அப்போது இழப்பும் உண்மையிலேயே இல்லை என்பது இதில் உள்ள ஒரு வேடிக்கை.

இனி பம்புக்கு வருவோம். ஐந்து சதவீதம் தாண்டியதும் கழுவு என்பதுபோல் ஒரு நிலையான எல்லையை எழுதிவிடத் தோன்றும். கணக்குப் போட்டால் எல்லை அப்படி நிலையானதல்ல என்று தெரியும். உங்கள் பேனல்கள் ஒரு நாளைக்கு 20 யூனிட் தருகின்றன, தூசியின் இழப்பு நாளுக்கு 0.3 சதவீதமாக வளர்கிறது, ஒரு முறை கழுவும் செலவு 12 யூனிட் மின்சாரத்தின் மதிப்புக்குச் சமம் என்று கொள்வோம். இழப்பு நாளுக்கு 0.06 யூனிட் வீதம் கூடிக்கொண்டே போகிறது. கழுவும் செலவை இரட்டித்து, இந்த வளர்ச்சி வீதத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் மொத்தச் செலவு மிகக் குறைவாகும் இடைவெளி கிடைக்கும்: 24ஐ 0.06ஆல் வகுத்தால் 400, வர்க்கமூலம் 20 நாள். அந்நாளில் விகிதம் 0.94. தூசி நாளுக்கு 0.1 சதவீதமாக மட்டும் வளரும் பருவத்தில் இடைவெளி 35 நாளாகும். அப்போது விகிதம் 0.965. அதாவது தூசி மெதுவாகப் படியும் பருவத்தில் சிறிய இழப்பிலேயே கழுவுவதுதான் சிக்கனம். ஆகவே உங்கள் நிரல் கவனிக்கவேண்டியது இன்றைய விகிதத்தை மட்டும் அல்ல. கடந்த பத்து நாளில் அது எந்தச் சரிவில் இறங்கியது என்பதையும்தான். நாளை மழை வரும் என்று வானிலை அறிவிப்பு இருந்தால் பம்பை நிறுத்திவைக்க ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பம்பு தெளிக்கும் நீரின் அளவில் கருமித்தனம் காட்டினால் நிலைமை மோசமாகும். தூறல் விழுந்த பேனலைப் பார்த்திருப்பீர்கள்: ஒவ்வொரு துளியும் சுற்றியுள்ள தூசியை இழுத்துக்கொண்டு காய்ந்து, நடுவில் வெளுத்தும் விளிம்பில் தடித்தும் வட்டங்களாக நிற்கும். கொஞ்சமாகத் தெளிக்கும் பம்பு செய்வதும் அதேதான். மெல்லிய தூசியை அது காறையாக்கிவிடும். உப்பு மிகுந்த நீர் என்றால் வெள்ளைப் படிவமும் சேரும். எனவே தெளித்தால் வழிந்தோடும் அளவுக்குத் தெளிக்கவேண்டும், விடியற்காலையில் தெளிக்கவேண்டும், அழுக்குப் பேனலும் அதே நீரில் நனையும்படி குழாயை அமைக்கவேண்டும். அன்று நண்பகலில் விகிதம் 0.99ஐத் தொட்டால் பம்பு தன் வேலையைச் செய்துவிட்டது. 0.96இலேயே நின்றுவிட்டால் மறுநாளும் அதற்கு மறுநாளும் பம்பை ஓடவிடும்படி நிரல் எழுதாதீர்கள். பம்பைப் பூட்டிவிட்டு, மென்தூரிகையோடு ஒருவர் ஏறித் தேய்க்கவேண்டும் என்று உங்கள் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பும்படி எழுதுங்கள்.